காணாமல் போன விண்ணப்பங்கள்: காரணம் ஒரு சாய்கோடு

சிங்கப்பூரில் அரசு ஒப்பந்தங்களை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு ஆள் தேர்வு செய்வது என் வேலை. பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பவேண்டிய தற்குறிப்புகளை மென்பொருளிலிருந்து மொத்தமாக இறக்கும்போதெல்லாம் சில மட்டும் குறைந்தன.

கோப்புகளின் அளவைக் குறைத்தேன், உலாவியை மாற்றினேன், விண்ணப்பதாரர்களிடம் மறுபடியும் கேட்டு வாங்கினேன். பலனில்லை.

பிறகு விடுபட்ட பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாரும் இங்கேயே பிறந்த தமிழர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் தற்குறிப்புகள் பத்திரமாக இருந்தன. அடையாள அட்டையில் உள்ளபடி, விடுபட்டவர்களின் பெயர் நடுவே 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) அல்லது 'டி/ஓ' (இன்னாரின் மகள்) வருகிறது. மென்பொருள் அந்தப் பெயரையே கோப்புக்கும் வைத்தது. கோப்புப் பெயரில் சாய்கோடு வந்தால் கணினி அதைக் கோப்புறையையும் கோப்பையும் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்ளும். தேடினால், 'டி' என்று முடியும் தனிக் கோப்புறை, அதனுள் 'ஓ' என்று தொடங்கும் கோப்பு! தகுதியான பிள்ளைகள் இப்படி விடுபடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கோப்புப் பெயருக்கு விண்ணப்ப எண்ணை வைத்தேன், எல்லாம் வந்துவிட்டன. படிவத்துக்குள் பெயரைத் தொடாதீர்கள், அது அடையாள அட்டையோடு அப்படியே பொருந்தவேண்டும்.