வார்கிராஃப்ட் 3 மேப்பில் ஆட்டக்காரரின் முன்னேற்றத்தைச் சேமிப்பது எப்படி? ஆறெழுத்துக் குறியீட்டு முறை

வார்கிராஃப்ட் 3 விளையாட்டுடன் வரும் வேர்ல்ட் எடிட்டரில் முதல் மேப்பை, அதாவது ஆட்டம் நடக்கும் களத்தை, உருவாக்கியவர்கள், அதை நண்பர்களுடன் ஓரிரு முறை ஆடியதுமே ஒரு குறையை உணர்வார்கள். ஒரு மணி நேரம் ஆடி, ஹீரோவை ஏழாம் லெவல் வரை வளர்த்து, தங்கமும் ஒரு நல்ல வாளும் சேர்த்திருப்பார்கள். மறுநாள் அதே மேப்பைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரே அமர்வில் முடிந்துவிடும் மேப்புக்கு இது பொருட்டல்ல. நாட்கணக்கில் வளர வேண்டிய சாகச மேப்புக்கோ இதுவே முதல் தடை. ‘இது நடந்தால் இதைச் செய்’ என்ற விதிகளை (டிரிக்கர்களை) அமைக்கும் டிரிக்கர் எடிட்டரை ஓரளவு பழகியவர், நிரல் மொழி எதுவும் தெரியாமலேயே, இந்தத் தடையைக் கடக்கும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். எடிட்டரில் கேம் கேஷ் என்ற வசதி இருக்கிறதே, அதில் சேமித்தால் போதாதா? போதாது. கேம் கேஷ் தனி ஆட்டக்காரருக்கான கேம்பெயின்களில் ஓர் அத்தியாயத்திலிருந்து அடுத்த அத்தியாயத்துக்கு ஹீரோவைக் கொண்டுசெல்வதற்காக அமைக்கப்பட்டது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் அது அடுத்த அமர்வு வரை நிலைப்பதில்லை. இதற்குப் பின்னால் இந்த விளையாட்டின் அடிப்படைக் கட்டமைப்பே இருக்கிறது. வலையமைப்பில் ஆடும்போது ஒவ்வொருவரின் கணினியும் முழு ஆட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்; ஆட்டக்காரர்கள் இடும் கட்டளைகள் மட்டுமே கணினிகளுக்கிடையே பரிமாறப்படும். எல்லாக் கணினிகளும் ஒரே விடையை அடைந்தால்தான் ஆட்டம் தொடரும். ஒருவருடைய கணினியில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பைப் படித்து, அதில் உள்ள எண்ணை ஹீரோவின் லெவலாக வைத்தால், மற்றக் கணினிகளுக்கு அந்த எண் தெரியாது. கணக்கு பிசகி, ஆட்டக்காரர் வெளியேற்றப்படுவார்.

ஆனால் ஆட்டக்காரர் அரட்டையில் தட்டச்சு செய்யும் வரி எல்லாக் கணினிகளுக்கும் ஒரே மாதிரியாகப் போய்ச் சேரும். அதை நம்பியே இந்த முறை இயங்குகிறது. ஆட்டம் முடியும்போது முன்னேற்றத்தை ஒரு சிறு எழுத்துச் சரமாக மாற்றித் திரையில் காட்டுகிறோம். அவர் அதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அரட்டையில் திரும்பத் தட்டச்சு செய்கிறார். நான் இத்தகைய மேப்களைப் பழகியது ஒரு பிரவுசிங் சென்டரில். நேற்று உட்கார்ந்த கணினியே இன்றும் கிடைக்கும் என்ற உறுதி அங்கே இல்லை. ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த குறியீடு எந்த இருக்கையிலும் வேலை செய்தது. கோப்பு எதையும் சார்ந்திராத இந்த எளிமைக்காகவே புதியவர்களுக்கு நான் இந்த முறையைப் பரிந்துரைக்கிறேன்.

படி 1: எதைச் சேமிப்பது, எந்த எல்லைக்குள் சேமிப்பது

எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குறியீட்டின் நீளம், அதன் பாதுகாப்பு, பின்னாளில் மேப்பை விரிவாக்கும் வசதி ஆகிய மூன்றும் இந்தத் தாளில்தான் முடிவாகின்றன. நம் எடுத்துக்காட்டு மேப்பில் நான்கு விவரங்களைச் சேமிப்போம்.

ஹீரோ வகை: 5 வகைகள், 0 முதல் 4 வரை.
லெவல்: 10 நிலைகள். லெவல் 1 முதல் 10 வரை என்பதால் ஒன்றைக் கழித்து 0 முதல் 9 வரை என வைக்கிறோம்.
ஐட்டம்: 20 இடங்கள், 0 முதல் 19 வரை. 0 என்றால் கையில் எதுவும் இல்லை.
தங்கம்: 10,000 நிலைகள், 0 முதல் 9,999 வரை.

இவற்றைப் பெருக்கினால் 5 × 10 × 20 × 10,000 = 1,00,00,000, அதாவது ஒரு கோடி நிலைகள். இதனுடன் 97 நிலைகள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கப்போகிறோம். ஆக மொத்தம் 97 கோடி. வார்கிராஃப்ட் 3 ஒரு முழு எண் வேரியபிளில், அதாவது எண்ணை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்தில், 214,74,83,647 வரைதான் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது. எண் எதிர்மறைக்குப் புரண்டு தவறான விடையைத் தரும். நம் 97 கோடி அந்த எல்லைக்குள் அடங்குகிறது. இதைவிட அதிக விவரங்கள் வேண்டுமானால், அவற்றை இரண்டு எண்களாகப் பிரித்து, இரண்டு தனிக் குறியீட்டுத் துண்டுகளாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: எழுத்து வரிசையைத் தேர்ந்தெடுத்தல்

கையால் எழுதிப் படிக்க வேண்டிய குறியீட்டில், ஒன்றைப் போலவே தோன்றும் எழுத்துகள் இருக்கக் கூடாது. பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்று என்ற இலக்கமும் ஐ எழுத்தும் எப்போதும் குழப்பம் தருபவை. எனவே 2 முதல் 9 வரையுள்ள 8 இலக்கங்களையும், ஐ, ஓ தவிர்த்த 24 ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் அந்த வரிசையிலேயே ஒரே சரமாக எழுதுங்கள். மொத்தம் 32 எழுத்துகள். முதலில் நிற்கும் 2-க்கு மதிப்பு 0, 9-க்கு மதிப்பு 7, ஏ எழுத்துக்கு 8, கடைசியாக இசட் எழுத்துக்கு 31. ஆறு எழுத்துகளைக் கொண்டு 107,37,41,824 வெவ்வேறு சரங்களை அமைக்கலாம். நம் 97 கோடியும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆறு எழுத்துகள் என்பது நினைவில் வைத்துக்கொள்ளவும் கூடிய நீளம்.

டிரிக்கர் எடிட்டரை எஃப்4 விசையால் திறந்து, வேரியபிள் எடிட்டரில் இந்தச் சரத்தை ஒரு ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) வேரியபிளாக வையுங்கள். அதன் சிற்றெழுத்து வடிவத்தை இன்னொரு ஸ்டிரிங் வேரியபிளாக வையுங்கள். எழுத்துகளை ஒப்பிடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே கொள்ளப்படும், ஆனால் ஆட்டக்காரர் எதில் தட்டச்சு செய்தாலும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். கூடவே யூனிட் டைப் வகை அரே (எண்ணிட்ட பட்டியல்) ஒன்றில் 5 ஹீரோக்களையும், ஐட்டம் டைப் வகை அரே ஒன்றில் 19 ஐட்டங்களையும் வரிசைப்படுத்திவிடுங்கள்.

படி 3: விவரங்களை ஒரே எண்ணாகக் கோத்தல்

ஹைஃபனுடன் சேவ் என்ற சொல்லை ஆட்டக்காரர் தட்டச்சு செய்வதை இந்த டிரிக்கரின் ஈவென்ட்டாக, அதாவது அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வாக, வையுங்கள். சொல் முழுமையாகப் பொருந்த வேண்டும் என்ற தேர்வைக் குறியுங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனி ஈவென்ட் வரி தேவை.

கோக்கும் முறை இதுதான்: கையில் இருக்கும் எண்ணை அடுத்த விவரத்தின் நிலை எண்ணிக்கையால் பெருக்கி, அந்த விவரத்தின் மதிப்பைக் கூட்ட வேண்டும். ஓர் ஆட்டக்காரரிடம் 2-ஆம் எண் ஹீரோ, லெவல் 7, 12-ஆம் எண் ஐட்டம், 4,250 தங்கம் இருப்பதாகக் கொள்வோம்.

தொடக்கம்: 2
2 × 10 + 6 = 26
26 × 20 + 12 = 532
532 × 10,000 + 4,250 = 53,24,250

தங்கம் 9,999-ஐத் தாண்டியிருந்தால், கோப்பதற்கு முன்பே அதை 9,999 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் மிகுதித் தங்கம் பக்கத்து இடத்தில் வழிந்து, ஐட்டத்தின் எண் மாறிவிடும். ஒருவர் 12,000 தங்கத்துடன் சேமித்துவிட்டு, மறுநாள் தன் வாளுக்குப் பதிலாக வேறேதோ கையில் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்பது, மேப் உருவாக்கியவருக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி.

படி 4: சரிபார்ப்பு எண்

இந்த நிலையிலேயே குறியீட்டை உருவாக்கிவிட்டால், யார் எந்த ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலும் ஏதோ ஒரு ஹீரோ கிடைத்துவிடக்கூடும். அதைத் தடுக்க, விவரங்களையும் ஆட்டக்காரரின் பெயரையும் கலந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறோம். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் நம் 32 எழுத்து வரிசைகளில் தேடி, அதன் மதிப்பை அது பெயரில் நிற்கும் இட எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். வரிசையில் இல்லாத எழுத்துக்கு 0 என்று கொள்ளுங்கள். நம் ஆட்டக்காரரின் பெயர் மதிப்பு 58 என்று வைத்துக்கொண்டால், கணக்கு இவ்வாறு அமையும்.

தங்கம் × (லெவல் மதிப்பு + 3): 4,250 × 9 = 38,250
ஐட்டம் × 17: 204
ஹீரோ × 29: 58
பெயர்: 58
கூட்டுத்தொகை 38,570, அதை 97-ஆல் வகுத்தால் மீதி 61.

3, 17, 29 ஆகியவை நான் தேர்ந்தெடுத்த எண்கள். உங்கள் மேப்பில் வேறு எண்களை வையுங்கள். மீதியைக் காண எடிட்டரின் கணக்குப் பிரிவில் உள்ள மாடுலோ செயல்பாடு உதவும். இறுதி எண்: 53,24,250 × 97 + 61 = 51,64,52,311.

இந்தப் பாதுகாப்பின் அளவையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். கண்மூடித்தனமாகத் தட்டச்சு செய்யப்படும் குறியீடுகளில் ஏறத்தாழ 97-க்கு ஒன்று சரிபார்ப்பைத் தாண்டிவிடும். மேப் கோப்பைத் திறந்து டிரிக்கர்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் எண்கள் இரகசியமும் அல்ல. எழுத்துப் பிழையையும், நண்பரின் குறியீட்டைக் கடன் வாங்குவதையும் தடுக்க இது போதுமானது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சரிபார்ப்பு எண்ணின் நிலைகளைக் கூட்டி, குறியீட்டை நீளமாக்க வேண்டியிருக்கும்.

படி 5: எண்ணை எழுத்துகளாக்குதல்

இறுதி எண்ணை 32-ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டு, ஈவை மீண்டும் 32-ஆல் வகுத்து, இவ்வாறு ஆறு முறை செய்யுங்கள். முழு எண்களை வகுக்கும்போது எடிட்டர் பின்னப் பகுதியைத் தானே விட்டுவிடும். நம் எண்ணுக்கு மீதிகள் முறையே 23, 30, 27, 16, 12, 15. புதிதாக வரும் எழுத்தைச் சரத்தின் முன்பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஆகவே குறியீடு 15, 12, 16, 27, 30, 23 என்ற வரிசையில், எச், இ, ஜே, வி, ஒய், ஆர் என்று அமையும். அதை அந்த ஆட்டக்காரருக்கு மட்டும், குறைந்தது 30 வினாடிகள் திரையில் காட்டுங்கள். எழுதிக்கொள்ளும் முன்பே மறைந்துவிடும் குறியீட்டால் யாருக்கும் பயனில்லை.

படி 6: குறியீட்டைத் திரும்பப் படித்தல்

பிழைகள் அதிகம் நேரும் இடம் இது; நிதானமாகச் செல்லுங்கள். ஹைஃபனுடன் லோடு என்ற சொல்லைக் கொண்ட அரட்டை வரியை ஈவென்ட்டாக வையுங்கள். இம்முறை வரியின் ஒரு பகுதி பொருந்தினால் போதும் என்ற தேர்வைக் குறிக்க வேண்டும், ஏனெனில் சொல்லுக்குப் பின்னால் குறியீடு வருகிறது. ஹைஃபன், ஆங்கிலத்தில் லோடு என்பதன் நான்கு எழுத்துகள், ஓர் இடைவெளி ஆகியவை சேர்ந்து 6 இடங்கள். குறியீடு 7-ஆம் இடத்திலிருந்து 12-ஆம் இடம் வரை. வரியின் முதல் 6 இடங்கள் சரியாக உள்ளனவா, மொத்த நீளம் 12 தானா என்பதைக் கண்டிஷனாகச் சேர்த்துவிடுங்கள்.

பிறகு எண்ணை 0 என வைத்து, குறியீட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணை 32-ஆல் பெருக்கி எழுத்தின் மதிப்பைக் கூட்டுங்கள். இதற்கு ஒரு லூப்புக்குள் (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) இன்னொரு லூப் தேவை: வெளி லூப் ஆறு எழுத்துகளுக்கு, உள் லூப் 32 எழுத்து வரிசையில் தேடுவதற்கு. வெளி லூப்புக்கு இன்டீஜர் ஏ-வையும் உள் லூப்புக்கு இன்டீஜர் பி-யையும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் ஒன்றையே பயன்படுத்தினால் உள் லூப் முடிந்ததும் வெளி லூப்பின் எண்ணிக்கையும் குலைந்துவிடும். ஒவ்வொரு தேடலுக்கு முன்பும் மதிப்பை -1 என வையுங்கள். தேடி முடித்த பின்பும் -1 ஆகவே இருந்தால் அந்த எழுத்து வரிசையில் இல்லை என்று பொருள். அப்போது எத்தனையாவது எழுத்தில் பிழை என்பதையும் ஆட்டக்காரருக்குத் தெரிவியுங்கள். இரவு நேரத்தில் கிறுக்கிய கையெழுத்தோடு போராடுபவருக்கு அந்த ஒரு தகவல் பேருதவி.

எண் கிடைத்ததும், அது 96,99,99,999-ஐத் தாண்டினால் நிராகரித்துவிடுங்கள். தாண்டவில்லையென்றால் கோத்த வரிசைக்கு நேர் எதிராகப் பிரியுங்கள். 97-ஆல் வகுத்தால் மீதி 61 சரிபார்ப்பு எண், ஈவு 53,24,250. அதை 10,000-ஆல் வகுத்தால் மீதி 4,250 தங்கம், ஈவு 532. அதை 20-ஆல் வகுத்தால் மீதி 12 ஐட்டம், ஈவு 26. அதை 10-ஆல் வகுத்தால் மீதி 6, அதாவது லெவல் 7. எஞ்சும் ஈவு 2 ஹீரோ வகை. கிடைத்த விவரங்களிலிருந்தும் பெயரிலிருந்தும் சரிபார்ப்பு எண்ணை மறுபடி கணக்கிட்டு, அது 61 ஆக இருந்தால் மட்டுமே ஹீரோவை உருவாக்கி, லெவலையும் தங்கத்தையும் அமைத்து, ஐட்டத்தைக் கையில் கொடுங்கள்.

இரண்டு டிரிக்கர்களிலும் கணக்கின் நடுவே வெயிட் ஆக்‌ஷனைச் சேர்க்காதீர்கள். வேரியபிள்கள் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொதுவானவை; ஒருவருடைய கணக்கு காத்திருக்கும் வேளையில் இன்னொருவர் கட்டளையிட்டால் இருவரின் எண்களும் கலந்துவிடும்.

படி 7: ஒரு முறைக்கு மேல் ஏற்றாதிருக்க

ஆட்டக்காரருக்கு ஒன்று வீதம் பூலியன் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு மட்டும் கொண்ட) அரே ஒன்றை வைத்து, குறியீட்டை ஏற்றியவுடன் அதை உண்மை என மாற்றுங்கள். புதிதாக ஹீரோவைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அவ்வாறே செய்யுங்கள். இல்லையென்றால் ஒருவர் ஐட்டத்தை நண்பரிடம் கொடுத்துவிட்டு, அதே குறியீட்டை மீண்டும் ஏற்றி, இன்னொன்றைப் பெற்றுக்கொள்வார். ஐட்டத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் பழைய குறியீட்டோடு வருபவரை இந்த முறையால் தடுக்க முடியாது. அரிய ஐட்டங்களைக் கைமாற்ற முடியாதவையாக அமைத்தால் மட்டுமே அது நிற்கும்.

படி 8: சோதனை, பிறகு புதிய பதிப்பு

டெஸ்ட் மேப் பொத்தானை அழுத்தி, முதலில் எல்லா மதிப்புகளும் 0 ஆக உள்ள நிலையையும், அடுத்து 4, 9, 19, 9,999 என்ற உச்ச நிலையையும் சேமித்து ஏற்றிப் பாருங்கள். உச்ச நிலையில் கோத்த எண் 99,99,999 ஆக வர வேண்டும். எல்லைகள் இரண்டும் சரியென்றால், ஒரு குறியீட்டின் ஓர் எழுத்தை மாற்றித் தட்டச்சு செய்து அது நிராகரிக்கப்படுகிறதா என்றும், வேறு பெயரில் ஆடும் ஒருவர் அதை ஏற்ற முயன்றால் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள்.

மேப்பைப் பிறருக்குக் கொடுத்த பிறகு ஐட்டம் பட்டியலின் வரிசையைக் கலைக்காதீர்கள். புதிய ஐட்டத்தை எப்போதும் பட்டியலின் இறுதியில் உள்ள காலி இடத்தில் சேருங்கள். வேண்டாத ஐட்டத்தை நீக்கினால் அதன் எண்ணில் அதற்கு ஈடான வேறொன்றை வையுங்கள். 20 இடங்களும் நிரம்பி, எண்ணிக்கையைக் கூட்டியே ஆக வேண்டிய நாளில், பழைய எல்லைகளைக் கொண்டு பிரிக்கும் டிரிக்கரை அழித்துவிடாமல், வேறொரு கட்டளைச் சொல்லுடன் மேப்பிலேயே வைத்திருங்கள். பழைய குறியீட்டோடு வருபவர் அதன் வழியாக ஒரு முறை ஏற்றி, புதிய குறியீடாகச் சேமித்துக்கொள்ளட்டும்.