சோலார் பயிற்சி: முதலில் திருத்த வேண்டிய தவறுகள்

வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைக்க மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது, அதன் இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் அமைத்தால் 78,000 ரூபாய் மானியம். பேனலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதை ஒழுங்காக மாட்டத் தெரிந்த ஆளை உருவாக்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் அங்கேதான் கோட்டை விடுவோம்.

பெரிய தவறு, வீட்டு வயரிங் தெரிந்தவருக்கு டிசி (பேனல் தரும், ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வேலை தானாகவே வந்துவிடும் என்று நினைப்பது. 540 வாட் பேனல் ஆறைத் தொடராக இணைத்தால் சுமார் 300 வோல்ட் டிசி வரும். வீட்டு வயரிங்கில் வரும் ஏசி மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடுவதால் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. லோடு ஓடும்போது பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டுகொண்டே வரும், கையைச் சுட்டுவிடும். மெயினை ஆஃப் செய்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் கம்பியில் மின்சாரம் இருக்கும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கனெக்டர் விஷயமும் இப்படித்தான். கனெக்டர் முனையை வயரோடு இறுக்கி அழுத்தும் கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டினால் அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். சில மாதம் கழித்து லூஸ் கான்டாக்ட் சூடாகி உருகும். வேறு வேறு கம்பெனி கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகுவதிலும் இதே ஆபத்து. பயிற்சிக்கு வருபவர் ஒவ்வொருவரும் தன் கையால் கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, மல்டிமீட்டரில் வோல்டேஜை அளந்து, பேனலின் பின்பக்க லேபிளோடு ஒப்பிட வேண்டும். புரொஜெக்டரில் படம் காட்டி இதைக் கற்றுத்தர முடியாது. மாடி விளிம்பில் பாதுகாப்பு பெல்ட் போட்டு வேலை செய்வதும் அப்படியே, செய்து பார்த்துத்தான் கற்க முடியும்.

அடுத்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் வயர்மேன்களை விட்டுவிடுவது. அரசின் சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், தங்கிப் படிக்க வேண்டியது. வேலையில்லாத இளைஞருக்கு அது சரி. குடும்பத்தைத் தினக்கூலியில் ஓட்டும் நாற்பது வயது எலக்ட்ரீஷியன் மூன்று மாதம் எப்படி வருவார்? எர்த்திங் அவருக்குத் தெரியும், வாடிக்கையாளர் நம்பிக்கையும் அவரிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பாகவோ, கூலி இழப்பை ஈடுகட்டும் குறுகிய பயிற்சியாகவோ வைத்தால் வருவார்.

பராமரிப்பைப் பாடத்திலிருந்து விடுவது இன்னொரு தவறு. பேனல் 25 வருடம் உழைக்கும், டிசியை ஏசியாக மாற்றும் இன்வர்ட்டர் அவ்வளவு நாள் தாங்காது. பழுது பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் உள்ளூரிலேயே வருமானம் தொடரும்.

நிலக்கரியை நம்பி வாழும் தொழிலாளர்களுக்குச் சோலார் பயிற்சி தர, அவர்களுடைய அனல்மின் ஆலை மூடும் தேதிவரை காத்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் நின்றது. பழைய மின் உற்பத்தி அலகுகளுக்கு ஆயுள் முடிவது திடீரென்று நடப்பதல்ல, பல வருடம் முன்பே தெரியும். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவருக்குப் பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) வாங்காமல் எந்திரத்தைத் தொடக்கூடாது என்ற பழக்கம் ஊறியிருக்கும். மொட்டை மாடி வேலைக்கு மிகவும் தேவைப்படுவது அந்தப் பழக்கம்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற பட்டியலை ஆலை ஓடும்போதே எடுத்துவிட வேண்டும்.