எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு: கல்லூரித் தேர்விலிருந்து முதல் பணி வரை

ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலான கல்லூரிகளில் முதுநிலைச் சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலையிலும் சமூகப்பணியே படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. நான்கு பருவங்கள் கொண்ட இந்த இரண்டாண்டுப் படிப்பின் உயிர் களப்பணியில்தான், அதாவது மருத்துவமனை, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் மக்களோடு நேரடியாகப் பெறும் பயிற்சியில்தான், இருக்கிறது என்பதால், கல்லூரித் தேர்வு தொடங்கி வேலை தேடுவது வரை எல்லா முடிவுகளையும் களப்பணியை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: கல்லூரியை விசாரித்தல்

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. அன்று தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் இயங்குகிறது. டாட்டா நிறுவனத்துக்கும் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் இத்தேர்வு மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிட்டது என்பதால், பட்டப்படிப்பின் இறுதிப் பருவத் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் வாய்ப்பை இழந்துவிடுவார்கள்.

சேர்வதற்கு முன் அங்கு படிக்கும் மாணவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? ஒரு மேற்பார்வையாளரிடம் எத்தனை மாணவர்கள்? வாரந்தோறும் ஆசிரியர் மாணவரோடு தனியாக அமர்ந்து களப்பணி அறிக்கையைப் பற்றிப் பேசுகிறாரா, அல்லது கையெழுத்து மட்டும் போடுகிறாரா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் விட அந்தத் துறையைப் பற்றி அதிகம் சொல்லும். உங்களுக்குக் கிடைக்கும் இடம் அரசு உதவிபெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் அதைப் பொறுத்தே அமையும்.

இரண்டாம் படி: சிறப்புப் பிரிவு

சமுதாய மேம்பாடு, மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, குடும்பம் மற்றும் குழந்தை நலம், மனிதவளம் ஆகியவை பொதுவாகக் கிடைக்கும் பிரிவுகள். 500 தொழிலாளர்களுக்குக் குறையாத தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததே மனிதவளப் பிரிவு சமூகப்பணித் துறைக்குள் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம். மனநலத் துறையை விரும்புபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சமூகப்பணியாளர் என்று கருதப்பட, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டத்தை மனநலச் சமூகப்பணியில் பெற்றிருக்க வேண்டும், அல்லது விதிகளில் குறிப்பிடப்படும் வேறு அங்கீகரிக்கப்பட்ட தகுதி இருக்க வேண்டும். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்திவிட்டதால், இத்துறைக்கு நடப்பு ஆண்டில் எந்த ஏற்பாடு உள்ளது என்பதைப் மனநல, நரம்பியல் மருத்துவத்துக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்த பிறகே திட்டமிடுங்கள்.

மூன்றாம் படி: களத்தில் நுழைதல்

தொடக்க வாரங்களில் உங்களுக்குப் பெரிய வேலை எதுவும் தரப்பட மாட்டாது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பயிற்சிக்காக நீங்கள் அனுப்பப்பட்ட நிறுவனத்துக்கு யார் வருகிறார்கள், எந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள், எந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடமும், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் பயிற்சிக்காலம் முடிந்துவிடும். அவர்களுடைய தேவை முடிந்திருக்காது.

நான்காம் படி: அறிக்கை எழுதுதல்

மாணவர்கள் சலிப்போடு அணுகும் இந்தப் பகுதியில்தான் தொழில் கைவரப்பெறுகிறது. காசநோய்க்கு ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையில் இருப்பவர் இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "பணிநாடி (உதவி நாடி வந்தவர்) அலட்சியமாக இருக்கிறார்; விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்" என்று எழுதுவது அறிக்கை ஆகாது; அது தீர்ப்பு. அதையே, "காலை ஆறு மணிக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பி, மாலை ஏழு மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார். மாத்திரை வாங்க வரும் நாளில் கூலி போய்விடுவதாகவும், நோய் தெரிந்தால் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது மனைவி இருந்த பக்கம் திரும்பவில்லை" என்று எழுதினால், மருந்தை அவர் வாங்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்ற முடியுமா என்று சுகாதாரப் பணியாளரிடம் கேட்க வேண்டும் என்பது உடனே புலப்படும், வீட்டில் நோயைப் பற்றித் தெரியுமா என்பதை அடுத்த சந்திப்பில் மெதுவாக விசாரிக்க வேண்டும் என்பதும் புலப்படும்.

ஆகவே பார்த்ததையும் கேட்டதையும் ஒரு பகுதியில் எழுதுங்கள். உங்கள் ஊகத்தையும் உணர்ச்சியையும், அவை ஊகம் என்றும் உணர்ச்சி என்றும் சொல்லியே, வேறு பகுதியில் எழுதுங்கள். அன்றிரவே எழுதுங்கள், நாள் கடந்தால் அவர் சொன்ன சொற்கள் மறைந்து உங்கள் சொற்களே மிஞ்சும். பெயர், முகவரி, நோய் விவரம் ஆகியவற்றால் ஆள் அடையாளம் வெளிப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் பகிரவே கூடாது.

ஐந்தாம் படி: தொடர் களப்பயிற்சியும் வேலையும்

பிளாக் பிளேஸ்மென்ட் எனப்படும், ஒரே நிறுவனத்தில் இடைவிடாமல் முழுநேரமாகச் செய்யும் தொடர் களப்பயிற்சியை, வேலைக்குச் சேர விரும்பும் துறையிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர்களை நியமிக்கும் மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் என இடங்கள் பல உண்டு. அரசுத் திட்டங்களின் கீழ் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதால், ஒப்பந்தக் காலத்தையும் ஊதியத்தையும் அறிவிப்பில் படித்துப் பாருங்கள். கல்லூரியில் கற்பிக்க விரும்புபவர்கள் உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய யுஜிசி நெட் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்கலாம். நேர்காணலுக்குச் செல்லும்போது சான்றிதழ்களோடு, அடையாளங்கள் நீக்கப்பட்ட களப்பணி அறிக்கை ஒன்றையும், துறையின் அனுமதி பெற்று, எடுத்துச் செல்லுங்கள்.