திங்கட்கிழமை பத்மநாபபுரம் போகாதீர்கள்

பத்து நாள் விடுப்பில் நெல்லைக்குப் போகிறவர்கள் முதலில் வயதானவர்களைப் பாருங்கள். அலுவலகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் மாற்றிச் செய்தேன்.

பாளையங்கோட்டை வீட்டை விற்க அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழில் அவர் பெயருக்கு முன் ஒரு தலைப்பெழுத்து, குடும்ப அட்டையில் இரண்டு. அந்த ஓர் எழுத்து ஏழு நாட்களைத் தின்றது. கையெழுத்திட வேண்டியவர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வந்த அன்று கணினி ஓடவில்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் சொன்னது ஐந்தாம் நாள். முதல் நாளே சொல்வதற்கு என்ன? “வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாமே அவசரம்” என்றார் எழுத்தர். அப்பா படுத்திருந்தபோது நான் அவசரப்பட்டு வரவில்லை. பதில் பேச நா எழவில்லை. கிளம்பும் முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள்.

அந்த வீட்டில் பிறந்த அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தை, அதாவது அங்குள்ள தாய் அரண்மனையைப் பார்க்க வேண்டும். மிஞ்சியது திங்கட்கிழமை. நாகர்கோவில் தாண்டித் தக்கலை வரை காரில் வந்தவர் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பினார். 1956-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது, திங்கள் விடுமுறை.

மறுநாள் அத்தையால் எழ முடியவில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப் போகும் வழியில் நான் மட்டும் இறங்கினேன்.

கற்கோட்டையை எதிர்பார்க்காதீர்கள், மரமும் ஓடும்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை மாடியில் இருக்கிறது. மரச்சட்டச் சன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகின்றன. கருந்தரையில் வெறுங்காலோடு நின்றபோது எங்கள் வீட்டு முன்கூடமான தார்சாவின் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது. உப்பரிகை மாளிகை நான்கு தளம்: கீழே கருவூலம், அதற்கு மேல் மன்னரின் கட்டில், உச்சியில் பத்மநாபசுவாமிக்கான அறை. 1750-இல் நாட்டையே அந்தத் தெய்வத்துக்கு ஒப்படைத்து அடியவராக ஆண்ட மார்த்தாண்டவர்மரின் மனம் அந்த அடுக்கில் தெரிகிறது. ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தின் இரு தளங்களில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

தாய்க்கொட்டாரம்தான் இருப்பதில் பழையது. பலாமரத் தூண், நடுவே முற்றம், மேலே வானம். எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு முற்றம் உண்டு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

விமான நிலையத்திலிருந்து அத்தையை அழைத்தேன். “படிகள் செங்குத்தா?” என்றார்.

“ஆமாம் அத்தை, நீங்கள் ஏறியிருக்க முடியாது” என்றேன். முற்றம் தரைத்தளத்தில் இருப்பதைச் சொல்லவில்லை.