பின்பக்கச் சன்னலை அடைக்காதீர்கள்: வீட்டை நீட்டிக் கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, அளவெடுக்கப் போயிருந்தேன். மூன்று வீடு தள்ளி ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், தனியாக எடுத்த முதல் வேலையில் மும்முரமாக இருந்தான். பின்னறைச் சன்னலைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, அறைக்குக் காற்று எப்படி வரும்?"

"ஏர்கோன் போடுறாங்கண்ணே."

சிரிப்பு வரவில்லை. 2003இல் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். அப்போது ஏர்கோனுக்குப் பதில் காற்றாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கலவையில் மணலைக் கூட்டுவது, மட்டம் பார்க்காமல் ஓடு பதிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு வீடு கட்டினால் தானாகத் திருந்திவிடும். வீடு என்றால் குறைந்தது இப்படி இருக்க வேண்டும் என்று மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டம் சொல்கிறது. நாங்கள் யூபிபிஎல் என்போம். பிளான் வரைபவர்களுக்கு அது மனப்பாடம். வீட்டை நீட்டிக் கட்டும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை.

அறையை எண்ணுவது, அளக்காமல் விடுவது

மூன்று அறையை நான்காக்க வேண்டும் என்பார்கள். பன்னிரண்டடி அறைக்கு நடுவே ஒட்டுப்பலகை அடித்தால் ஆறடியில் இரண்டு அறை. ஆனால் மனிதர் புழங்கும் அறைக்கு அகலம் 2 மீட்டராவது வேண்டும், அதாவது ஆறடி ஏழு அங்குலம். பரப்பு, முதல் அறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5. குசினிக்கு 4.5. ஆறடி அறையில் கட்டிலும் அலமாரியும் போட்டபின் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். ஓர் அம்மா அந்த அறையைக் கடைசியில் அரிசி மூட்டை வைக்கத்தான் பயன்படுத்தினார்.

தாழ்த்திய சீலிங்

அறைக்கு உயரம் குறைந்தது 2.5 மீட்டர், குசினிக்கு 2.25. பழைய தரைமேல் புது ஓடு ஒட்டி, மேலே விளக்கு பதித்த பிளாஸ்டர் சீலிங்கும் மாட்டினால் இரண்டு பக்கமும் உயரத்தைத் தின்றுவிடும். வேலை முடிந்தபிறகு இல்லை, தொடங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

பின்பக்கச் சன்னல்

இதைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துகொண்டு வந்தவர் என் மாமா. கையில் இருந்த இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். ஒற்றை மாடி, வரிசை வீடு. "மாப்ள, பின்னால இருக்கிற இடம் சும்மாதானே கெடக்கு, குசினிய இழுத்துக் கட்டிடு" என்றார். எனக்கு அதுதான் முதல் வேலை. பின்மதில் வரைக்கும் ஓரங்குலம் விடாமல் கட்டி, மேலே சிங்க் தகட்டுக் கூரை போட்டு மூடினேன். பதினாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பின்னறைச் சன்னல் இப்போது வெளியே திறக்காமல் குசினிக்குள் திறந்தது. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

முதல் மாதமே அத்தையின் துணியெல்லாம் கருவாட்டு வாடை. சன்னலைச் சாத்தினார். மத்தியான வெயிலில் சிங்க் காய்ந்து குசினி கொதித்தது, அந்தச் சூடு சுவரைத் தாண்டி அறைக்கும் வந்தது. உலை ஆவி போக வழியில்லாமல் அறைக்குள் போய் நின்றது. மழைக்காலம் வந்ததும் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளி விழுந்தது. குளோரக்ஸ் போட்டுத் துடைத்தார்கள். பத்து நாளில் திரும்ப வந்தது. ஆறாவது மாதம் அத்தை ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியபோது ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அந்தச் சன்னலோரம் பிடித்தேன். புகை ஆடாமல் நேராக மேலே போனது. வாசல் பக்கம் கொண்டுபோனால் சட்டென்று உள்ளே வளைந்தது. காற்று உள்ளே நுழைகிறது, வெளியேற வழியில்லை. "தோட்டத்து லயத்துல குசினி தனியா இருந்துச்சு, நடுவுல வானம் தெரியும்" என்று அத்தை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா ஞாபகத்துக்கு வந்ததைச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

துணைச் சட்டத்தில் இதற்குக் கணக்கு இருக்கிறது. அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கு, 5 விழுக்காடு காற்றுக்குத் திறக்க வேண்டும். பத்துக்குப் பத்தடி அறை என்றால் பத்து சதுர அடி சன்னல், அதில் ஐந்து சதுர அடியாவது திறக்க வேண்டும். இதில் இன்னொரு பொறி உண்டு. ஸ்லைடிங் சன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். நாலுக்கு மூன்றடி ஸ்லைடிங் போட்டால் காற்றுக்கு ஆறு சதுர அடிதான் கிடைக்கும். சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் கொண்ட பழைய நாக்கோ சன்னலை நாகரிகமில்லை என்று கழற்றிப் போடுகிறார்கள். மழை பெய்யும்போதும் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்பது அதில் இருந்த வசதி.

"சன்னலை ஒட்டி ஏர்வெல் விட்டிருக்கோம்ண்ணே" என்பார்கள். ஏர்வெல் என்றால் காற்றுக்காக வானம் தெரியத் திறந்து விடும் இடம். போய்ப் பார்த்தால் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு பொந்து. இரண்டு மாடி வரைக்கும் உள்ள வீட்டில் ஏர்வெல் 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் அளந்தாலும் அகலம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய எட்டேகால் அடிக்கு ஒன்பதேகால் அடி. சிலர் அந்த அளவுக்கு ஒழுங்காகவே விடுவார்கள். பிறகு மழைச்சாரல் அடிக்கிறது என்று அதன்மேல் பாலிகார்பனேட் தகட்டைப் போட்டு மூடிவிடுவார்கள்! வெளிச்சம் வருகிறதே என்று வாதம் வேறு. வெளிச்சம் வரும், சரி. காற்று?

மாமா வீட்டில் கூரையை வெட்டி, குசினிச் சுவரை உள்ளே தள்ளி, கழிவு நீர்க் குழாயை மாற்றி, ஏர்வெல் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாயிரம் வெள்ளி, என் கைக்காசு. அந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் புதுத்துணி எடுக்கவில்லை.

ஏர்கோன் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மாட்டும் சாதாரண ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. புதுக்காற்றைக் கொண்டு வருவதில்லை.

குளியலறைக் காற்று

துணைச் சட்டம் கேட்பது 0.2 சதுர மீட்டர் திறப்பு, சுமார் இரண்டு சதுர அடி. அதைக்கூடவா அடைப்பீர்கள்?

"சிஎஃப் இருக்குண்ணே"

சிஎஃப் என்பது வீட்டில் குடியேறலாம் என்று தரும் சான்றிதழ். அது பழைய பிளானுக்குக் கொடுத்தது. 2007 ஏப்ரலில் சிஎஃப் போய் அதற்குப் பதில் சிசிசி என்ற சான்றிதழ் வந்தது. எதுவாக இருந்தாலும் நீங்கள் பிறகு நீட்டிய பகுதி அதில் அடங்காது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தில் முதலில் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களின் சுவரை இடிக்கும் வேலைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு

தாமான் வீட்டைத் தொழிற்சாலைக்கு வாடகைக்கு விட்டு, அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று இரட்டைக் கட்டில் அடுக்கச் சொல்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் 1966லேயே சட்டமாக வந்தது. 1990இல் வந்த 446ஆவது சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. திருத்திய வடிவம் 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது, மற்றத் துறைகளுக்கும் பொருந்தும். சாதாரண வீட்டில் ஒருவர் படுக்க 3.6 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. பத்துக்குப் பத்தடி அறையில் இரண்டு பேருக்குத்தான் கணக்கு வரும். முதலாளி தொழிலாளர் இலாகாவில் தங்குமிடச் சான்றிதழ் வாங்காவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். இதைச் சொன்னதும் ஒருவர், "அந்தக் காலத்து லயத்துல ஒரு அறையில எத்தனை பேர் கெடந்தோம்" என்றார். கிடந்தோம், உண்மைதான். அங்கிருந்து எப்போது கிளம்பலாம் என்றுதானே எல்லாரும் காத்திருந்தோம்?

அந்தப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். கலவை இறுகும் முன்பே செங்கல்லை எடுத்துவிட்டானாம். ஏர்வெல்லுக்கு எத்தனை அடி விட வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். குசினி சின்னதாகப் போய்விட்டது என்று வீட்டுக்கார அம்மாவுக்கு இப்போது என்மேல் கோபமாம்.