பாவைக்கூத்து பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்கிற தவறுகள்

ஜனவரி பிறந்ததிலிருந்து மே முடியும்வரை பாலக்காட்டுப் பக்கம் ஏதாவது ஒரு பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து, அதாவது தோல் பொம்மைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் காட்டும் கூத்து, நடந்துகொண்டேதான் இருக்கும். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. கோயம்புத்தூர், பொள்ளாச்சிச் சொந்தங்கள் "ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்று கேட்பார்கள், கூட்டிக்கொண்டும் போவேன், ஆனால் பாதிப் பேர் ராத்திரி பதினொன்றரைக்கே "கிளம்பலாமுங்களா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சினிமாவுக்கு வருகிற மாதிரி வருவதால் வருகிற வினை இது. நம்மைக் குஷிப்படுத்துவதற்காக இந்தக் கூத்து நடக்கவில்லை என்பது தெரியாமல் வந்து உட்காருவதுதான் பெரிய தவறு, மற்றதில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

பத்திரகாளி தாரிகாசுரனோடு போரில் இருந்த நேரத்தில் இலங்கையில் ராவண வதம் முடிந்துவிட்டதாம். அவளால் பார்க்க முடியாமல் போன அதை வருஷா வருஷம் அவளுக்கு நடத்திக் காட்டுகிறார்கள், ஐதீகம் அதுதான். அதனால்தான் கூத்துமாடம் என்கிற அந்த நீளக் கட்டடம் கோயிலைப் பார்த்தபடி இருக்கிறது. திரை 42 அடி நீளம், மேலே வெள்ளை, கீழே கருப்பு. பின்னால் வரிசையாக 21 விளக்குகள், தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. ஏற்றுகிற நெருப்பும் கோயிலுக்குள்ளிருந்துதான் வரும். எதிரே நாலு பேர் இருந்தாலும் சரி, நாலு பேரும் தூங்கிப்போனாலும் சரி, கூத்து விடியும்வரை நடக்கும். "என்னங்க, ஆளே இல்லையே, சுமாராத்தான் இருக்குமோ?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஆளில்லாத கூத்துதான் பார்ப்பதற்கு நல்லது, தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம்.

அடுத்தது தேதி. நெட்டில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பூரம் என்கிற கோயில் திருவிழா நடக்கிற தேதி. யானை, செண்டமேளம், வெடிக்கட்டு, கூட்டம் எல்லாம் அன்றைக்குத்தான், ஆனால் பாவைக்கூத்து அதற்கு முந்தைய ராத்திரிகளிலேயே முடிந்துபோயிருக்கலாம். ஒரு கோயிலில் 7 நாள், இன்னொன்றில் 14, இன்னொன்றில் 21, 41, 71 என்றுகூட உண்டு. மகரம், கும்பம், மீனம் என்று மலையாள மாதக் கணக்கில் சொல்வார்கள், அதை நம் தை மாசி பங்குனியோடு ஒட்டவைத்துக்கொண்டு தோராயமாகக் கிளம்பாமல் கோயில் ஆபீசுக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். போட்டதும் "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்பீர்கள். அதைவிட உபயோகமான கேள்வி, "அன்றைக்கு ராத்திரி எந்தக் கட்டம்?"

ஏன் என்றால் பாடுவது கம்பராமாயணம். எனக்கு இங்கேதான் ஆதங்கம். மலையாளம் பேசுகிற புலவர்கள் (கூத்து நடத்துகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள்), மலையாளத்துக் கோயிலில், கம்பன் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய நாம் வாளையார் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிற ஒன்றிரண்டு பேரும் ஒன்றும் படிக்காமல் வந்து, ஐந்து நிமிஷம் காதைத் தீட்டிவிட்டு, "தமிழா இது?" என்று கைவிட்டுவிடுகிறார்கள். தமிழ்தான். உச்சரிப்பில் மலையாளம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். பாட்டு ஒன்று வரும், அதற்கு நீளமாக விளக்கம் வரும், விளக்கத்துக்குள் ஒரு கிளைக்கதை, அதற்குள் ஒரு வாதம், இப்படிப் போய்க்கொண்டே இருந்து திரும்ப அடுத்த பாட்டுக்கு வர அரை மணியும் ஆகலாம். பாட்டு முன்கூட்டியே தெரிந்திருந்தால் எங்கே பிரிந்தது, எங்கே திரும்பியது என்று பிடித்துக்கொள்ளலாம், தெரியாவிட்டால் வெறும் சத்தம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கம்பராமாயணம் உரையோடு கிடைக்கிறது. அன்றைய படலத்தை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், நாகபாசமோ கும்பகருணன் வதையோ, எதுவானாலும்.

கும்பகருணன் ராத்திரி என்றால் விடாதீர்கள். வீடணன் வந்து அண்ணனை ராமன் பக்கம் கூப்பிடுகிற இடத்தில் திரையில் இரண்டு பாவைகள் எதிரெதிராக அசையாமல் நிற்கும், பேச்சு மட்டும் நடக்கும். போன தடவை கூட வந்த மச்சான் மகன் பொறுக்கமாட்டாமல், "மாமா, எப்பத்தான் சண்டை வரும்?" என்று சத்தமாகவே கேட்டான். பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்திருக்காமலே, "வரும் மோனே, அதுக்கு முன்னால ரெண்டு பேரும் பேசித் தீரணுமில்லே" என்றார். அதுதான் விஷயம். சண்டை வரும்போது செண்டையும் இலத்தாளம் என்கிற கைத்தாளமும் உங்களை எழுப்பிவிடும், கவலை வேண்டாம்.

போன். ஃப்ளாஷ் அடித்தால் நிழல் காலி, திரை வெறும் வேட்டித் துணியாகிவிடும், பாடுகிறவர்களுக்கும் எரிச்சல். ஃப்ளாஷை அணைத்துவிட்டு வெளிச்ச அளவைத் திரையில் தொட்டு லாக் செய்து நாலைந்து படம் எடுத்தால் போதும். ராத்திரி முழுக்க வீடியோ எடுத்தவர்கள் யாரும் அதைத் திருப்பிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் பொழுதும் போகும், கையும் பழகும். அதிலும் முழுத்திரையை வரையப் பார்க்காதீர்கள். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும், அந்தக் கையை மட்டும் கவனித்து வரையுங்கள். காற்று அடிக்கும்போது 21 சுடரும் ஒரே பக்கம் சாயும், அப்போது இலங்கையே ஆட்டம் காணும்.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஆசை எல்லோருக்கும் வரும். வரத்தான் வேண்டும், ஆனால் பாட்டு நடுவில் தலையை நீட்டாதீர்கள். கூத்து தொடங்குவதற்கு முன்னால் போய்ப் பணிவாகக் கேட்டால், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செருப்பு வெளியே. அசையாமல் நிற்கிற பாவைகளை முள்ளால் திரையில் குத்தி வைத்திருப்பார்கள், யாரும் கையால் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. பார்க்கலாம், தொடக்கூடாது. நடுவில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாடுகிற நேரம் உண்டு. அதை இடைவேளை என்று நினைத்து எழுந்து வண்டியை எடுக்கிறவர்களும் உண்டு, பாவம்.

குழந்தைகளுக்கு ஒரு போர்வை, கொசுவுக்கு ஏதாவது ஒன்று, சாப்பாட்டை முடித்துவிட்டு வருவது, இது போதும். விசேஷ நாள் இல்லாவிட்டால் பக்கத்தில் கட்டன் சாயாக்கடைகூட இருக்காது.

பகலில் வர விரும்புகிறவர்கள் ஷொர்ணூர் பக்கத்தில் இருக்கிற கூனத்தறைக்குப் போகலாம். பாவைக்கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டி புலவரின் குடும்பம் அங்கேதான், அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சொல்லிவைக்காமல் போய் நிற்காதீர்கள், வெளியூரில் கூத்து இருந்தால் ஆள் இருக்கமாட்டார்கள். மேடைக்காகச் சுருக்கிய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு "கூத்து பார்த்துட்டேன்" என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அதற்காக அதை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். பாவையைக் கிட்டத்தில், வெளிச்சத்தில் பார்க்க அதுதான் வழி. முன்பெல்லாம் மான் தோல், இப்போது ஆட்டுத்தோல், எருமைத்தோல். கிரீடம், மாலை, உடுப்பின் மடிப்பு என்று எல்லாவற்றிலும் துளைகள்தான். துளைக்குத் துளை வடிவம் மாறும். ராத்திரி தூரத்தில் நகையாக மின்னியது இந்த ஓட்டைகள்தான் என்று அப்போதுதான் உறைக்கும்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகள் சார்ட் அட்டையில் செய்து பார்க்கும்போது எல்லோரும் முதலில் உருவத்தைச் சுற்றி வெட்டிவிடுகிறார்கள். பிறகு உள்ளே ஓட்டை போட்டால் கழுத்தும் மணிக்கட்டும் கிழியும். அட்டை முழுசாக இருக்கும்போதே ஓட்டையை முடியுங்கள், வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். ஓட்டைகளை நெருக்கமாகப் போடாதீர்கள், நிழலில் எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சத் திட்டாகிவிடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிழல் பிசுபிசுத்துப்போகும், அறையை இருட்டாக்கி, பழைய வேட்டிக்குப் பின்னால் போன் டார்ச்சை வையுங்கள், அட்டைக்கும் துணிக்கும் பக்கத்தில் அகல்விளக்கு வேண்டாம். பொம்மை துணியை ஒட்டியே இருக்கட்டும், விலகினால் ராவணன் பூதாகாரமாகி மங்கிவிடுவான். சில பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது, அப்படியென்றால் விலக்கியே பிடிக்கச் சொல்லுங்கள்.