புறநகரில் போதைக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு: தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

"அவன் என் நண்பன், ஆளும் நன்றாகத்தான் இருக்கிறான், அவன் ஊசியில் என்ன வந்துவிடப் போகிறது?" புறநகரில் ஹெபடைடிஸ் சியும் எச்ஐவியும் பரவுவதற்கு இந்த நம்பிக்கை போதும். நகரத்துக்குள் ஊசி மாற்றித் தரும் மையம் இருக்கும், தேடி வரும் களப்பணியாளர் இருப்பார். புறநகரில் எல்லாம் தூரம், வண்டி இல்லாவிட்டால் நகர முடியாது, மருந்துக்கடையில் நிற்பவர் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். அதனால் புது ஊசி தேடிப் போவதைவிட, நாலைந்து பேர் மட்டும் இருக்கிற ஒரு வட்டத்துக்குள் இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அந்த வட்டத்தில் ஒருவருக்கு வைரஸ் இருந்தாலும் வெளியே தெரியாது, ஏனென்றால் ஹெபடைடிஸ் சி பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஈரலை அரித்துக்கொண்டிருக்கும்.

நம்முடையது சின்ன இடம், இங்கே அதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஓர் ஊர், மக்கள்தொகை சுமார் 4,200. வருடத்துக்கு ஐந்து புது எச்ஐவி தொற்றுகூடப் பதிவாகாத அந்தப் பகுதியில் 2015இல் ஒரே வருடத்துக்குள் 180 பேருக்கு உறுதியானது. வலி மாத்திரையைக் கரைத்து, சிரிஞ்சைப் பகிர்ந்து போட்டுக்கொண்டவர்கள்தான் அதில் பெரும்பாலோர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சியும் இருந்தது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது ஊசி. கேட்க எளிது, நடத்திக் காட்டுவதற்குக் கணக்கு வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அடுத்து மையத்துக்கோ மருந்துக்கடைக்கோ போக எத்தனை நாள் ஆகும், இரண்டையும் பெருக்கி அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். கைநடுங்கும் நேரத்தில் யாரும் ஊசி தேடி பஸ் ஏற மாட்டார்கள், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். மையத்துக்குப் போகிறவர் நண்பர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள், பல மையங்கள் கொடுக்கும். வேறு வழியே இல்லாமல் பழைய ஊசிதான் என்றால் அது உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும், குழம்பிப்போகாதபடி அதில் ஏதாவது அடையாளம் போட்டு வையுங்கள். சிரிஞ்சுக்குள் தங்கும் ஒரு துளி ரத்தத்தில் எச்ஐவி ஆறு வாரம் வரையிலும், ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள் வரையிலும் உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் "போன மாதம் போட்டதுதானே, காய்ந்திருக்கும்" என்பது கதைக்கு உதவாது. ப்ளீச் ஊற்றிக் கழுவுவது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல், ஆனால் ஹெபடைடிஸ் சி விஷயத்தில் அதை நம்பியிருக்க முடியாது.

பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த விஷயத்தை. ஊசியைப் பகிர்ந்ததே இல்லை, ஆனாலும் ஹெபடைடிஸ் சி வந்துவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கலக்கிய ஸ்பூன், வடிகட்டிய பஞ்சு, தண்ணீர் வைத்த டம்ளர், கையில் கட்டிய பட்டை, இதில் எதில் வேண்டுமானாலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கலாம். ஏற்கெனவே போட்ட சிரிஞ்சை ஒரே ஒரு முறை பொதுத் தண்ணீரில் முக்கினால் போதும், அந்தத் தண்ணீரை எடுக்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். இரண்டு பேர் காசு போட்டு வாங்கினால் பொடியாக இருக்கும்போதே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், கலக்கிய பிறகு சிரிஞ்சால் அளந்து பிரிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு ஸ்பூன், ஒரு பஞ்சு, தனித் தண்ணீர். பக்கத்தில் இருப்பது காதலியாகவோ கணவராகவோ இருந்தாலும் இப்படித்தான். தம்பதிகளுக்குள் இதைப் பேசத்தான் அதிகக் கூச்சம் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்.

வைரஸ் மட்டும் ஆபத்து இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள், ஊசி முனையை நாக்கில் வைக்கவே கூடாது. போட்ட இடம் சிவந்து, சூடாகி, கட்டியாக வீங்கினால் நீங்களே கீறிச் சீழை எடுக்க முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு குளிர்நடுக்கமும் மூச்சுத்திணறலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்திருக்கலாம். அங்கே ஊசி போடும் பழக்கத்தை மறைக்காதீர்கள், அது தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும்.

பரிசோதனையைக் குறைந்தது வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்துகொள்ளுங்கள், பகிர்ந்திருந்தால் இன்னும் அடிக்கடி. ஹெபடைடிஸ் சிக்கு முதலில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உள்ளே வந்தது என்று மட்டும்தான் பொருள், இப்போது இருக்கிறதா என்பதை வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். சமீபத்தில்தான் பகிர்ந்தீர்கள் என்றால் ஆன்டிபாடி உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆகவே ஆர்என்ஏவைக் கேட்டு வாங்குங்கள். தொற்று இருந்தால் 8 அல்லது 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு முழுக்கக் குணமாகிறது. போதைப்பழக்கத்தை விட்டால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள், உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குணமான பிறகும் மறுபடி தொற்றலாம், எனவே கூடப் போடுபவரும் அதே சமயத்தில் சிகிச்சை எடுப்பது நல்லது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. ஏ, பி இரண்டுக்கும் இருக்கிறது, டெட்டனஸுக்கும் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

எச்ஐவி உள்ளவரின் ஊசியைப் பயன்படுத்திவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான்.

போதை மருந்துக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் தரும் மெத்தடோன், புப்ரனார்ஃபின் சிகிச்சை பற்றியும் கேட்டுப் பாருங்கள். ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவை) எடுப்பவர்களுக்கு ஹெபடைடிஸ் சி வரும் வாய்ப்பை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது, தேவையான அளவு புது ஊசியும் கிடைத்தால் இன்னும் குறைகிறது. அப்புறம், தனியாகப் போடாதீர்கள், ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் அதை முறிக்கும் நலாக்சோன் மருந்து கையில் இருக்கட்டும். இது தொற்றுப் பேச்சு இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: அலமாரியில் பிரிக்காத சிரிஞ்சுப் பாக்கெட் கிடைத்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் அன்று ராத்திரி உங்கள் பிள்ளை இன்னொருவர் போட்ட ஊசியைத்தான் எடுப்பான். போட்ட ஊசிகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை மூடியோடு கொடுங்கள், நிறைந்ததும் மையத்திலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அந்த 72 மணி நேரக் கணக்கு உங்களுக்கும்தான்.